நடு எங்கே இருக்கிறது?

களவும் பொய்யும் கொலையும் அறத்தின் எல்லைக்குள் வருகின்றன, கடைத்தெரு வருவதில்லை. என்ன வாங்குவது, எவ்வளவுக்கு வாங்குவது என்பதெல்லாம் அவரவர் விருப்பம், அவரவர் வசதி என்று ஒதுக்கிவிடுகிறோம். ஆனால் நம்மைப் போன்ற நடுத்தரக் குடும்பத்தினர் களவுக்கான வாய்ப்பை வாழ்நாளில் எத்தனை முறை எதிர்கொள்கிறோம்? மிகச் சில முறை. விலைச் சீட்டை எத்தனை முறை எதிர்கொள்கிறோம்? நாள்தோறும். அறம் நம்மைச் சந்திக்க விரும்பினால், நீதிமன்ற வாசலில் நிற்பதைவிடக் கடை வாசலில் நிற்பதே அதற்கு வசதி.

அரிசியும் மருந்தும் வாங்கும்போது மனம் அதிகம் தடுமாறுவதில்லை; அவை தேவை. பகட்டுக்காகவே ஒன்றை வாங்குகிறவருக்கும் தாம் செய்வது இன்னதென்று தெரியும். இரண்டுக்கும் இடையில் நிற்கும் பொருள்களில்தான் மனச்சான்று வழி தெரியாமல் திகைக்கிறது. அத்தகைய பொருள் ஒன்றை எடுத்துக்கொண்டு சிந்திக்க விரும்புகிறேன். அது ஒரு மிதிவண்டி.

தபால்காரரும் பால்காரரும் ஓட்டிய கறுப்பு வண்டியை நான் சொல்லவில்லை. மெலிந்த சட்டகமும், ஆட்டுக்கடாவின் கொம்புபோல் கீழ்நோக்கி வளைந்த கைப்பிடியும், ஒடுங்கிய டயர்களும் கொண்டு, நெடுந்தூரம் விரைந்து செல்வதற்கென்றே செய்யப்படும் வண்டி அது. அதை ஓட்டுவோர் 'ரோடு பைக்' என்கிறார்கள். நம் ஊரில் பைக் என்றாலே மோட்டார் வண்டிதான் என்பதால், குழப்பம் வேண்டாமென்று சாலை மிதிவண்டி என்றே எழுதுகிறேன்.

சேலத்தில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்கராக இருக்கும் என் தங்கை மகன் அத்தகைய வண்டி ஒன்று வாங்க எண்ணியிருக்கிறான். பிரான்சு நாட்டில் தோன்றி, இன்று நம் நகரங்களிலும் பரவியுள்ள 'பிரெவே' என்னும் நெடும்பயணத்தில் கலந்துகொள்வது அவன் ஆசை. 200 கிலோமீட்டரை 13 மணி 30 நிமிடத்துக்குள் கடக்க வேண்டும். அதில் முதலிடமும் இல்லை, கடைசியிடமும் இல்லை. நேரத்துக்குள் முடித்தவர் எல்லாரும் முடித்தவரே. மிதிவண்டியைப் பிரித்துப் பூட்டுவதில் எனக்கு இளமை முதலே ஈடுபாடு உண்டு. அதனால் என்னிடம் கேட்டான்.

"மாமா, எண்பதாயிரம் சேர்த்து வச்சிருக்கேன். ரொம்ப உசத்தியா வேண்டாம், ரொம்ப மட்டமாவும் வேண்டாம். நடுத்தரமா ஒண்ணு பார்த்துச் சொல்லுங்க."

"எதுக்கும் எதுக்கும் நடுவுலப்பா?" என்றேன்.

"விலைக்குத்தான் மாமா" என்று சிரித்தான்.

அந்த விடையில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. அவனுக்கு மட்டும் உரியதன்று, நம் எல்லாருக்கும் உரியது. மேல்விலைக்கு வாங்கினால் ஆடம்பரம், கீழ்விலைக்கு வாங்கினால் கஞ்சத்தனம், நடுவிலைக்கு வாங்குகிறவன் இரண்டு குற்றத்திலிருந்தும் தப்பியவன் என்பதே அந்த நம்பிக்கை. நடு என்பதற்குத் தானாகவே ஒரு நற்பெயர் வாய்த்துவிடுகிறது. ஆனால் அந்த நடுவை அங்கே கொண்டுவந்து வைத்தவர் யார்?

சந்தையைச் சற்றுப் பார்ப்போம். நம் நாட்டில் சாலை மிதிவண்டியின் விலை சில பத்தாயிரங்களில் தொடங்கிப் பல லட்சங்கள் வரை ஏறுகிறது. பல்சக்கரம், சங்கிலி, பிரேக் முதலியவற்றைச் செய்யும் ஜப்பானிய நிறுவனமாகிய ஷிமானோ, நெடுங்காலமாக ஓர் ஏணியை நிறுத்தி வைத்திருந்தது. அடியிலிருந்து கிளாரிஸ், சோரா, டியாக்ரா, 105, அல்டெக்ரா, டூரா-ஏஸ் என்பன அதன் படிகள். கிளாரிஸில் பின்சக்கரத்துக்கு 8 பற்சக்கரம், சோராவில் 9, டியாக்ராவில் 10, மேற்படிகளில் இன்று 12. கீழ்ப்படிகள் அண்மைக்காலமாக 'க்யூஸ்' என்ற புதுப் பெயருக்கு மாறி வருகின்றன. பெயர் மாறினாலும் ஏணி ஏணிதான். இதில் வியப்புக்குரியது ஒன்று உண்டு. எந்தப் படியில் நிற்பவருக்கும் தம் வண்டியில் குறை தெரிவதில்லை. அடுத்த படியைக் காட்டிய பிறகே தெரிகிறது. எட்டுப் பற்சக்கரத்தோடு மலையேறி மகிழ்ந்தவர், ஒன்பது என்று ஒன்று இருப்பதைக் கேள்விப்பட்ட நாளிலிருந்து ஒன்று குறைந்தவராகிவிடுகிறார்.

1992-இல் இட்டமார் சைமன்சன், ஏமோஸ் ட்வெர்ஸ்கி என்னும் ஆய்வாளர்கள் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். இரண்டு புகைப்படக் கருவிகளைச் சிலருக்குக் காட்டினார்கள். ஒன்றின் விலை ஏறத்தாழ 170 டாலர், மற்றதன் விலை 240 டாலர். பாதிப்பேர் இதையும் பாதிப்பேர் அதையும் தேர்ந்தார்கள். வேறு சிலருக்கு அவற்றோடு 470 டாலர் விலையுள்ள மூன்றாவது கருவியையும் சேர்த்துக் காட்டினார்கள். இப்போது 240 டாலர் கருவியைத் தேர்ந்தோர் 100-க்கு 57 பேர். மலிவானதைத் தேர்ந்தோர் 22 பேராகக் குறைந்தார்கள். கருவி மாறவில்லை, பயன் மாறவில்லை. நேற்று உயர்விலையாக இருந்தது இன்று நடுவிலையாகிவிட்டது, அவ்வளவுதான். மூன்றாவது பொருளை அலமாரியில் வைப்பவர், அதை விற்பதற்காகவே வைக்க வேண்டும் என்பதில்லை. இரண்டாவதை நியாயமானதாகத் தோன்றச் செய்வதற்கும் வைக்கலாம்.

ஆகவே விலைப்பட்டியலின் நடுவை நம்பி அமைதி கொள்பவர், தம் மனச்சான்றின் தராசை விற்பவரின் கையில் கொடுத்துவிடுகிறார் என்று சொல்வது மிகையாகாது. நாளை நாலு லட்ச ரூபாய் வண்டி ஒன்று கடைக்கு வந்தால், அவருடைய எளிமையின் விலையும் உயர்ந்துவிடும்.

நடுவைப் பற்றிப் பேசிய மெய்யியலாளருள் அரிஸ்டாட்டிலைவிடப் புகழ்பெற்றவர் இல்லை. அவரும் நடுவைப் போற்றினார் என்று கேள்விப்பட்டு, 'பார், நடுவே சிறந்தது' என்று மகிழ்வோர் பலர். 'நிக்கோமாக்கிய அறவியல்' நூலின் இரண்டாம் பகுதியில் அவர் சொல்வது அதற்கு நேர்மாறானது. பத்து மினா உணவு ஒருவருக்கு அதிகம், இரண்டு மினா குறைவு என்றால், பயிற்சியாளர் ஆறு மினா கொடுப்பாரா? கொடுக்கமாட்டார். குரோட்டன் நகரத்து மல்லனாகிய மைலோவுக்கு ஆறு போதாது. அன்றுதான் பயிற்சி தொடங்கிய இளைஞனுக்கு ஆறு மிகுதி. பொருளின் நடு வேறு, நமக்குரிய நடு வேறு. முன்னதைக் கணக்கால் கண்டுவிடலாம். பின்னதைக் காண்பதற்கு ஆளைத் தெரிந்திருக்க வேண்டும்.

இந்த வேறுபாடு மிதிவண்டியில் உவமையாக நில்லாமல் உடலிலேயே தைக்கிறது. வெறுங்காலோடு சுவரோரம் நின்று, ஒரு தடித்த புத்தகத்தின் முதுகைத் தொடைகளுக்கிடையில் மேலே அழுத்திப் பிடித்து, தரையிலிருந்து அதன் மேல்விளிம்பு வரை அளக்க வேண்டும். அந்த அளவை 0.883-ஆல் பெருக்கினால், மிதியச்சின் நடுவிலிருந்து இருக்கை எவ்வளவு உயரத்தில் இருக்கலாம் என்பதற்கு ஒரு தொடக்கக் கணக்குக் கிடைக்கும். 80 சென்டிமீட்டர் காலுக்கு ஏறத்தாழ 70.6 சென்டிமீட்டர். அதன்பின் கை நீளம், இடுப்பு வளையும் அளவு, கழுத்தின் வலிமை. கைப்பிடி இருக்கையிலிருந்து எட்டாத தொலைவில் இருந்தால், மூன்று மணி நேரத்தில் கழுத்து பிடித்துக்கொள்ளும், உள்ளங்கை மரத்துப்போகும். பந்தயக்காரர்களுக்கென்று செய்யும் சட்டகத்தில் கைப்பிடி தாழ்ந்திருக்கும். நெடும்பயணத்துக்கென்று செய்யும் சட்டகத்தில் சற்று உயர்ந்து, அருகில் வந்திருக்கும். அளவு பொருந்தாத இரண்டு லட்ச ரூபாய் வண்டியைவிட, அளவு பொருந்திய ஐம்பதாயிரம் ரூபாய் வண்டி எல்லா வகையிலும் உயர்ந்தது. இதைப் பலர் கடையில் ஒப்புக்கொள்கிறார்கள்; வீட்டுக்கு வரும்போது வேறொன்றை வாங்கி வருகிறார்கள்.

அடுத்தது சாலை. முன்பு 23 மில்லிமீட்டர் அகலமுள்ள டயரைக் கல்போல் காற்றடித்து ஓட்டினால்தான் வேகம் என்று நம்பினார்கள். நம்முடையதுபோன்ற கரடுமுரடான சாலையில் அப்படி ஓட்டினால், டயர் மேடுபள்ளத்தை உள்வாங்காமல் வண்டியையும் ஆளையும் தூக்கிப் போடுகிறது. முன்னே செல்ல வேண்டிய ஆற்றல் உடம்பைக் குலுக்குவதில் வீணாகிறது. 28 முதல் 32 மில்லிமீட்டர் வரை அகலமுள்ள நல்ல டயரில் காற்றைச் சற்றுக் குறைத்து ஓட்டுவதே மேல் என்பது இப்போது தெளிவாகியிருக்கிறது. நல்ல டயருக்குச் சில ஆயிரங்கள் போதும். ஆனால் அவ்வளவு அகலத்துக்குச் சட்டகத்தில் இடம் இருக்க வேண்டும். அதைப் பின்னால் காசு கொடுத்து உண்டாக்க முடியாது.

அடுத்தது பிரேக். சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள். ஏறுவதற்கு மூச்சு வேண்டும். இறங்குவதற்குப் பிரேக் வேண்டும். மழையில் நனைந்த சக்கர விளிம்பைக் கட்டையால் பிடிக்கும் பழைய முறை, முதல் சில நொடிகளில் வழுக்கும். வட்டத்தகட்டைப் பிடிக்கும் டிஸ்க் பிரேக் அந்த இடத்தில் நம்பிக்கைக்குரியது. எனவே சிக்கனத்துக்கும் ஒரு தரைமட்டம் உண்டு. எதிரே வரும் பேருந்துக்கும் பள்ளத்தாக்குக்கும் நடுவே நிற்கும்போது, மிச்சம் பிடித்த மூவாயிரம் ரூபாயை எண்ணி யாரும் மகிழ்வதில்லை. எளிமை என்ற பெயரால் மிக மலிவானதை வாங்கிவிடுவதும் ஆளை மறந்து விலையை மட்டும் பார்ப்பதுதான். மைலோவுக்கு இரண்டு மினா உணவு கொடுக்கும் பயிற்சியாளரை யாரும் துறவி என்று சொல்லமாட்டார்கள்.

இவ்வளவுக்கும் பின்னால்தான் எடை வருகிறது. கடைகளிலோ எடைதான் முதலில் வருகிறது. அலுமினியச் சட்டக வண்டி ஏறத்தாழ 10 கிலோ. விலையை ஏறக்குறைய இரட்டித்தால் கார்பன் இழைச் சட்டகத்தில் ஒன்றரைக் கிலோவரை குறையலாம். ஒரு கிலோவின் விளைவைக் கணக்கிடுவோம். ஆள் 65 கிலோ, வண்டி 10 கிலோ, தண்ணீரும் உடையும் கருவிகளும் 5 கிலோ, ஆக 80. அதில் ஒரு கிலோ குறைந்தால் செங்குத்தான ஏற்றத்தில் 80-இல் ஒரு பங்கு நேரம் மிச்சம். 90 நிமிடத்தில் மலையேறுகிறவருக்கு ஒரு நிமிடத்துக்குச் சற்று அதிகம். வழியில் நின்று ஓர் இளநீர் குடித்தால் அது போய்விடும். சமவெளியிலோ இவ்வளவும் இல்லை; அங்கே 30 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவரைத் தடுப்பது பெரும்பாலும் காற்று, அந்தக் காற்றும் பெரும்பாலும் மோதுவது வண்டியின்மீதன்று, அவர் உடம்பின்மீது. உலகப் பந்தயங்களில்கூட வண்டியின் எடை 6.8 கிலோவுக்குக் குறையக்கூடாது என்று 2000-ஆம் ஆண்டு முதல் விதி உண்டு. ஒரு நொடிக்காக உயிரைக் கொடுக்கும் வீரர்களுக்கே 'இவ்வளவு போதும்' என்று ஒரு கோடு போட வேண்டியிருந்தது. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: பல லட்ச ரூபாய் வண்டிகளை மிதிகட்டை இல்லாமலேயே விற்கிறார்கள். வாங்குபவர் தமக்கு ஏற்றதைத் தனியே வாங்கிக்கொள்வார் என்பது காரணம். காரணம் நியாயமே, ஆயினும் மிதிக்க முடியாத மிதிவண்டியை முதன்முதலில் கண்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது.

நமக்குரிய நடுவைக் காண உடம்பும் சாலையும் மட்டும் போதா. வாழ்க்கையும் வேண்டும். திருக்குறளின் 'வலியறிதல்' அதிகாரம் அரசன் போருக்கு முன் தன் வலிமையையும் பகைவன் வலிமையையும் எடைபோடுவதைப் பற்றியது. ஆனால் அதன் கடைசி நான்கு குறள்களும் வரவு, செலவு, கொடை ஆகியவற்றின் அளவைப் பற்றியவை. போர்க்களத்துக்கு உரிய அதிகாரத்தில் வீட்டுக் கணக்கு ஏன் வந்தது என்று உரையாசிரியர்கள் எப்படி விளக்கினாலும், எனக்கு அது மிகப் பொருத்தமாகவே தோன்றுகிறது. தன் வலி அறியாமல் தோற்பவர்களில் பெரும்பாலோர் வாள் ஏந்தியவர்கள் அல்லர்.

மிதிவண்டியின் கணக்கை வேறொரு வகையில் போட்டுப் பார்க்க வழி காட்டியவர் இவான் இல்லிச். வியன்னாவில் பிறந்து, குருவாகப் பணியாற்றிப் பின்னர் அப்பணியிலிருந்து விலகிய அந்தச் சிந்தனையாளர், 1970-களில் 'ஆற்றலும் சமத்துவமும்' என்ற பொருளில் ஒரு சிறு நூல் எழுதினார். ஓர் அமெரிக்கர் தம் காரில் அமர்ந்திருக்கும் நேரத்தோடு, அந்தக் காருக்காகவும் பெட்ரோலுக்காகவும் காப்பீட்டுக்காகவும் உழைத்துச் சம்பாதிக்கும் நேரத்தையும் கூட்டினார். ஆண்டுக்கு 1,600 மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. சென்ற தூரம் 7,500 மைல். வகுத்தால் மணிக்கு ஐந்து மைலுக்கும் குறைவு. அதே நூலில் அவர் மிதிவண்டியை மனதாரப் புகழ்கிறார்: நடப்பவரைவிட மூன்று நான்கு மடங்கு விரைவு, செலவாகும் ஆற்றலோ ஐந்தில் ஒரு பங்கு.

அவர் காருக்குப் போட்ட கணக்கை அவர் புகழ்ந்த மிதிவண்டிக்கே போட்டால் என்ன? மாதம் 200 மணி நேரம் உழைத்து 40,000 ரூபாய் பெறுகிறவருக்கு ஒரு மணியின் விலை 200 ரூபாய். 80,000 ரூபாய் வண்டி என்றால் 400 மணி நேர உழைப்பு. ஆண்டுக்கு 4,000 கிலோமீட்டராக ஐந்தாண்டு ஓட்டினால் 20,000 கிலோமீட்டர். மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் அதற்கு 800 மணி. ஆக 1,200 மணி. உண்மையான வேகம் மணிக்கு 16.7 கிலோமீட்டர். 40,000 ரூபாய் வண்டி சற்று மெதுவானது, 24 கிலோமீட்டர்தான் என்று வைத்துக்கொள்வோம். ஓட்டும் நேரம் 833 மணி, உழைக்கும் நேரம் 200 மணி. உண்மையான வேகம் 19.4. மலிவான வண்டி முந்திவிட்டது! அதே 80,000 ரூபாய் வண்டியை வாங்கிவிட்டு, ஆர்வம் தணிந்து ஆண்டுக்கு 500 கிலோமீட்டர் மட்டும் ஓட்டுகிறவர் கணக்கைப் பாருங்கள். ஐந்தாண்டில் 2,500 கிலோமீட்டர், ஓட்டும் நேரம் 100 மணி, உழைத்த நேரம் 400 மணி. மணிக்குச் சரியாக ஐந்து கிலோமீட்டர். அவர் நடந்தே போயிருக்கலாம்.

இந்தக் கணக்கில் ஒரு குறை உண்டு. இல்லிச் போக்குவரத்தைப் பற்றிப் பேசினார். ஓரிடம் சேர வேண்டியவருக்கு வழியில் கழியும் நேரம் இழப்பு. விடியற்காலையில் சேர்வராயன் மலையடிவாரத்தில் மிதித்துச் செல்கிறவருக்கு அந்த நேரம் இழப்பன்று. அதற்காகத்தான் அவர் புறப்பட்டார். அந்த 800 மணியைச் செலவுப் பக்கத்தில் எழுதுவது, பாட்டுக் கேட்ட நேரத்தை வட்டியோடு கணக்கிடுவது போன்றது. ஆயினும் உழைத்த 400 மணி செலவுப் பக்கத்திலேயே நிற்கிறது. இரண்டு மாத வாழ்க்கை அது. என் மருமகனிடம் இந்தக் கணக்கை எழுதிக் காட்டியபோது, அவன் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "அப்போ வண்டியைவிட எவ்வளவு ஓட்டுவேங்கறதுதான் கேள்வியா மாமா?" என்றான். ஓரளவு ஆம். நடுவிலை என்பது கடைக்குப் போவதற்கு முன்பே, அவனுடைய அடுத்த ஐந்தாண்டுக் காலை வேளைகளில் பாதி தீர்மானமாகிவிடுகிறது.

இதுவரை சொன்னதெல்லாம் வாங்குபவரையே சுற்றி வந்தது. அவர் கால், அவர் கழுத்து, அவர் சம்பளம், அவர் விடியற்காலை. இங்கேயே நிறுத்தியிருந்தால் இது நுகர்வோருக்கு நல்ல அறிவுரை. அறத்தைப் பற்றிய பேச்சு ஆகியிராது. அரிஸ்டாட்டில் அதே நூலின் ஐந்தாம் பகுதியில் நீதியைப் பற்றிப் பேசும்போது நடு என்ற சொல்லை மீண்டும் எடுக்கிறார். ஆனால் இப்போது அது வேறிடத்தில் இருக்கிறது. அடக்கத்தின் நடுவும் துணிவின் நடுவும் ஒருவர் உள்ளத்துக்குள் இருப்பவை. நீதியின் நடு இருவருக்கு இடையில் இருப்பது: ஒருவர் தமக்குரியதைவிட மிகுதியாகப் பெறாமலும், மற்றவர் தமக்குரியதில் குறையாமலும் நிற்கும் புள்ளி. ஒவ்வொரு வாணிபத்திலும் இரண்டாமவர் ஒருவர் உண்டு. கடைக்காரரைச் சொல்லவில்லை; அவருக்கும் அப்பால்.

நல்ல சாலை மிதிவண்டிகளில் பெரும்பங்கு தைவானோடு தொடர்புடையது. 1972-இல் அங்கே தொடங்கிய ஜயண்ட் நிறுவனம் பிறர் பெயரில் விற்கும் வண்டிகளைச் செய்துகொடுத்து வளர்ந்து, பின் தன் பெயரிலேயே உலகெங்கும் விற்றது. அதன் நிறுவனர் கிங் லியூ 2007-இல், தம் 73-ஆம் வயதில், 15 நாளில் 927 கிலோமீட்டர் மிதித்துத் தம் தீவை வலம் வந்தார். மிதிவண்டியை நேசித்த ஒருவர் உண்டாக்கிய நிறுவனம் என்பதில் ஐயமில்லை. அதே நிறுவனத்தின் தைவான் தொழிற்சாலைகளில் செய்த வண்டிகளையும் உதிரிப் பொருள்களையும் உள்ளே விடக்கூடாது என்று அமெரிக்கச் சுங்கத்துறை 2025 செப்டம்பர் 24 அன்று ஆணை பிறப்பித்தது. கட்டாய உழைப்புக்கான அறிகுறிகள் என்று அது குறிப்பிட்டவை: ஆதரவற்ற நிலையைப் பயன்படுத்திக்கொள்ளுதல், மோசமான உழைப்பு மற்றும் குடியிருப்புச் சூழல், கடனால் பிணைத்தல், ஊதியத்தை நிறுத்திவைத்தல், மிகுநேர வேலை. ஆணையை நீக்கக் கோரி முறையிடுவோம் என்று நிறுவனம் அறிவித்தது. 2025 ஜனவரி முதல் புதிதாக வேலைக்கு எடுக்கும் அயல்நாட்டுத் தொழிலாளரின் ஆள்சேர்ப்புக் கட்டணத்தைத் தானே ஏற்பதாகவும் கூறியது. குற்றச்சாட்டைத் தீர்ப்பாகக் கொள்வது முறையன்று. ஒரு நிறுவனத்தைத் தனியே நிறுத்திக் கல்லெறிவதும் என் நோக்கமன்று. வியட்நாம், தாய்லாந்து, இந்தோனேசியா, பிலிப்பைன்சு நாடுகளிலிருந்து தைவானுக்குப் போகும் தொழிலாளர் தரகருக்குப் பெருந்தொகை செலுத்துவது பல தொழில்களிலும் நெடுங்காலமாக அறியப்பட்ட செய்தி.

அந்தச் செய்தியை விளங்கிக்கொள்ள நமக்கு அகராதி வேண்டியதில்லை. வளைகுடா நாட்டு வேலைக்காக நகையை அடகு வைத்து ஏஜெண்டிடம் பணம் கட்டியவர் இல்லாத தெரு நம் மாவட்டங்களில் அரிது. முதல் ஓராண்டுச் சம்பளம் வட்டிக்கே போகும் என்பதும், அதனால் அங்கே எந்தக் கொடுமைக்கும் வாய் திறக்க முடியாது என்பதும் நம் வீட்டுப் பெண்களுக்குத் தெரியும். அதே கடனைச் சுமந்த ஒருவர் வேறொரு நாட்டில் நம் பிள்ளைக்கு மிதிவண்டி செய்துகொண்டிருக்கலாம். கார்பன் இழைச் சட்டகத்தை இயந்திரம் ஊற்றி வார்ப்பதில்லை. பிசின் தோய்ந்த இழைத்தாள்களை வெட்டி, வரிசை மாறாமல் ஒவ்வொன்றாக அச்சில் அடுக்குவதும், வெந்து வெளிவந்ததைத் தேய்த்து மெருகேற்றுவதும் மனிதக் கைகள். விரலால் தடவி 'எவ்வளவு வழவழப்பு!' என்று நாம் வியக்கும் இடத்தை ஏற்கெனவே ஒருவர் தடவிப் பார்த்திருக்கிறார்.

இங்கே வழக்கமாக இரண்டு விடைகள் கிடைக்கும். 'வாங்குபவன் கையில்தான் எல்லாம். அவன் மறுத்தால் உலகம் திருந்தும்' என்பது ஒன்று. இதை நான் நம்பவில்லை. சேலத்துக் கணக்கர் ஒருவர் தைவான் தொழிற்சாலையின் சம்பளப் பதிவேட்டைப் பார்க்க முடியாது. விலையைப் பார்த்தும் அறிய முடியாது. உயர்ந்த விலை உயர்ந்த கூலிக்குச் சான்றன்று, தாழ்ந்த விலை தாழ்ந்த கூலிக்குச் சான்றன்று. மேலே சொன்ன ஆணையைப் பிறப்பித்ததும் ஓர் அரசுதான். சட்டம் செய்ய வேண்டியதை வாங்குபவரின் மனச்சான்றின்மீது சுமத்துவது, சட்டம் செய்ய வேண்டியவர்களுக்கு மிகவும் வசதியான ஏற்பாடு. 'நமக்கென்ன தெரியும், நாம் என்ன செய்ய முடியும்' என்பது மற்றொன்று. இதையும் ஏற்க முடியவில்லை. தெரியாமையில் இருவகை உண்டு: கேட்டும் விடை கிடைக்காத தெரியாமை, விடை கிடைத்துவிடுமோ என்று கேளாமல் விட்ட தெரியாமை. எடையைக் கிராம் கணக்கில் கேட்கிறோம். ஆள்சேர்ப்புக் கட்டணத்தை யார் கட்டினார் என்பதை மட்டும் கேட்க நமக்கு நா எழுவதில்லை. கடைக்காரருக்குத் தெரியாது. ஆனால் நிறுவனங்களின் முகவர்கள் நம் நாட்டில் இருக்கிறார்கள். அவர்களுக்கு எழுதிக் கேட்பதற்கு வாங்குபவராக இருப்பதே போதுமான தகுதி.

பழைய வண்டி வாங்குவது இதற்கெல்லாம் தீர்வு என்று சிலர் சொல்கிறார்கள். தீர்வன்று, விற்றவர் அந்தப் பணத்தோடு புது வண்டிக் கடைக்குத்தான் போவார். ஆயினும் அது நல்ல வழிதான் என்பது என் எண்ணம். மணிக்கு ஐந்து கிலோமீட்டர் கணக்கில் ஓடிய வண்டிகள் நம் நகரங்களின் மாடி முகப்புகளில் தூசி படிந்து நிற்கின்றன. ஓராண்டு, ஈராண்டு ஆனபின் பாதி விலைக்கும் கிடைக்கும். கார்பன் சட்டகத்தின் விரிசல் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே இருக்கலாம் என்பதால் அலுமினியத்தையே பார்க்கச் சொல்வேன். சங்கிலி எவ்வளவு நீண்டிருக்கிறது என்று அளவுகோல் வைத்துப் பார்க்க வேண்டும். சக்கரத்தைச் சுற்றிவிட்டு, கோணல் இருக்கிறதா என்று பிரேக்கின் இடைவெளியில் கண் வைக்க வேண்டும். சட்டகத்தின் பற்றவைத்த இடங்களையும் முன்கவையின் வேரையும் வெயிலில் திருப்பிப் பார்க்க வேண்டும். மிச்சமாகும் தொகையில் தலைக்கவசம், முன்னும் பின்னும் விளக்கு, காற்றடிப்பான், மாற்று ட்யூப் இரண்டு, ஆண்டுக்கொரு முறை முழுதும் பிரித்துப் பூட்டும் மெக்கானிக்குக்குப் பேரம் பேசாத கூலி. அளவு மட்டும் பொருந்தாவிட்டால், எவ்வளவு மலிவானாலும் விட்டுவிட்டு வந்துவிடலாம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வேறொருவர் மாடியில் வேறொன்று கிடைக்கும்.